நான்கு நிமிட இசைக்கு மூன்று லேப்டாப்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் அப்படியே இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீ அனுப்பிய கடைசி மூன்று செய்திகளில் உடல்நலத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. "எங்கே?" என்று ஒன்று. "எங்கேடி?" என்று ஒன்று. மூன்றாவதில் வெறும் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிக்குத்தான் இந்தப் பதில்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி உன் மாணவிகள் மேடை ஏறும்போது, ஆறு பெண்கள் வரிசையாக வேலைக்குப் போகும் அந்த நடனக் காட்சிக்கு நான் தருவதாகச் சொன்ன நான்கு நிமிட இசை வராது. வேறு ஏற்பாடு செய்துகொள். காரணம் கேட்காமல் விடமாட்டாய் என்பதால் அதையும் எழுதுகிறேன். வீட்டில் மூன்று லேப்டாப்கள் இருந்தும் கையால் எழுதுகிறேன், ஏனென்றால் மூன்றும் பரிசீலனையில் இருக்கின்றன. பரிசீலனையில் இருக்கும் பொருளை உபயோகிக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம்.

சட்டம் போட்டவர் இவர்தான். பம்பு செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி என்பது உனக்குத் தெரியும். அங்கே மூன்று கொட்டேஷன் வாங்கி, மூன்றையும் ஒரு பட்டியலில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு வாஷர்கூட வாசலைத் தாண்டாது. வீட்டிலும் அதே முறைதான். போன வருடம் ஒரு துடைப்பம் தேர்வாக மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பழைய துடைப்பத்தில் மிச்சமிருந்த பதினாறு குச்சிகளால் பெருக்கினேன். இதெல்லாம் தெரிந்திருந்தும், நீ போனில் கேட்ட அன்று சாப்பிடும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அக்காவுக்கு ஒரு மியூசிக் பண்ணித் தரணும், இப்போ எல்லாம் அதுக்கு கம்ப்யூட்டர்லயே மென்பொருள் இருக்கு, நம்ம பழைய லேப்டாப்ல அது ஓடாது, ஒண்ணு வாங்கலாமா என்று கேட்டுவிட்டேன். இவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எந்த சாஃப்ட்வேர்?"

"அது எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்ங்கறதைப் பொறுத்ததுங்க."

"சரி, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்?"

"அது எந்த லேப்டாப்ங்கறதைப் பொறுத்தது."

"எந்த லேப்டாப்?"

"அது எந்த சாஃப்ட்வேர்ங்கறதைப் பொறுத்தது."

பேனாவின் மூடியைத் திறந்தார். "டெண்டர் விட்டுரலாம்" என்றார்.

மூன்று கட்சிகள் வந்தன. முதல் கட்சி உன் மகள் மாதிரி வளர்ந்த என் மகள். கல்லூரித் தோழியிடமிருந்து ஒரு மேக் இரவல் வாங்கி வந்து, பூனைக்குட்டியைக் காட்டுகிற மாதிரி மடியில் வைத்துக் காட்டினாள். "மியூசிக் பண்றவங்க எல்லாரும் இதைத்தாம்மா வெச்சிருக்காங்க" என்றாள். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். "எல்லாரும்னா எல்லாரும்" என்றாள். இரண்டாவது கட்சி என் கொழுந்தன். ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன், லினக்ஸ் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்ற விரதத்தில் இருப்பவன். மூடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிய தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, "அண்ணி, இது சுதந்திரம்" என்றான். ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த அதை இன்னும் நன்றாகப் பாடவைக்கிறேன் என்று கிளம்பி, எதையோ மாற்றப்போய், இரண்டு ஞாயிற்றுக்கிழமை கறுப்புத் திரையில் வரி வரியாக எழுதிக்கொண்டிருந்தான். சத்தம் வந்ததா என்று கேட்டால், "வரும் அண்ணி. ஏன் வரலைன்னு நமக்கே தெரியுது பாருங்க, அதுதான் பெரிய விஷயம்" என்கிறான். மூன்றாவது கட்சியாக யாரும் வராததால், இவரே தன் அலுவலகத்து விண்டோஸ் லேப்டாப்பை மேஜையில் வைத்தார். "ஜட்ஜே போட்டியில நிக்கிறாரு, சித்தப்பா" என்று கொழுந்தனிடம் சொன்னாள் மகள். "இது வெறும் ஒப்பீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு இவர் தன்னுடையதற்கு முதல் மதிப்பெண்ணைப் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கும் உண்டு. ஒலிப்பதிவு செய்யும்போது லேப்டாப்பின் விசிறி இரையக் கூடாது என்று கொழுந்தன் சொல்லப்போக, இவர் பட்டியலில் 'இரைச்சல்' என்று ஒரு பத்தி சேர்த்து, "உங்க கிளினிக்லதான் சத்தமே நுழையாத ரூம் இருக்கே" என்றார். இருக்கிறது. காது பரிசோதிக்கும் அறை. அத்தான் இன்னும் என்னை டாக்டர் என்றே மற்றவர்களிடம் அறிமுகம் செய்வதால் சொல்கிறேன்: ஆளை அந்த அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். கேட்டால் அவர்கள் அழுத்த வேண்டும். பதினேழு வருடமாக இதுதான் வேலை. மூன்று லேப்டாப்களையும் தலையணை உறைகளில் போட்டு எடுத்துப்போய், ஓடவிட்டு, அறைக்குள் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். வைத்துவிட்டு மறந்துபோனேன். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நான் ஒலி அனுப்பினால் அழுத்தினார். அனுப்பாவிட்டாலும் அழுத்தினார். இப்படிச் சிலர் உண்டு, அக்கா. ஏமாற்றுவதற்காக இல்லை. எதிரில் இருப்பவள் இவ்வளவு சிரமப்படுகிறாளே, கேட்டதாகச் சொல்லிவிடுவோம் என்கிற மரியாதை. அப்படித்தான் அறிக்கையில் எழுதினேன். வெளியே வந்தவர், "மேடம், காதுல வர்ற சத்தம் சரி. காலுக்குக் கீழேயிருந்து 'ஸ்ஸ்'னு ஒண்ணு வந்துச்சே, அதுக்கும் அழுத்திட்டேன், பரவாயில்லையா?" என்றார். அறிக்கையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மூன்றில் எது இரைந்தது என்று அவரைக் கேட்கத் தோன்றவில்லை. ஆகவே அந்தப் பத்தி இன்னும் காலி.

அடுத்தது என் மாமியார். முப்பத்தொரு வருடம் தட்டச்சுப் பயிற்சிக் கூடம் நடத்தியவர். மர ஸ்கேலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பாராம், அந்தத் தாளம் தப்பாமல் இருபது பேரும் அடிக்க வேண்டுமாம். இந்த வீட்டுக்குள் வரும் எந்த விசைப்பலகையும் அவர் விரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று பலகையில் தட்டுகிற மாதிரி, இன்னொன்று ரப்பர், மூன்றாவதில் இடைவெளிக் கட்டை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, "இப்படி ஒரு வரி ரெண்டு வரி அடிச்செல்லாம் தீர்ப்பு சொல்ல முடியாது. பார்த்து அடிக்க நாலு பக்கம் யாராவது எழுதிக் குடுங்க" என்றார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்குக் காது மந்தம். நானே பரிசோதித்தேன், வலது காதுக்கு ஒரு தடவைகூட பட்டனை அழுத்தவில்லை, இடது காதுக்கும் ஒன்றிரண்டு தடவைதான். அதனால் வீட்டில் எல்லோரும் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுகிறோம், அவரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார்.

இப்படியே ஐந்து வாரம். போன சனிக்கிழமை இவர் துடைப்பத்தின் ஒப்பீட்டுப் பட்டியலை மாதிரிக்காகக் கேட்டார். அலமாரியில் தேடும்போது அதற்கு அடியில் இருபது வருடப் பழைய பட்டியல் ஒன்று இருந்தது. மூன்று வரிசை. மூன்று பெண்கள். படிப்பு, வேலை, உயரம், பெண் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் எவ்வளவு தூரம். மூன்றாவது வரிசை நான். குறிப்பு என்ற பத்தியில் இவருடைய குண்டு எழுத்தில் இருந்தது: 'மெட்டுப் போடுவார். கூடுதல் வசதி. இப்போதைக்குத் தேவையில்லை.'

எடுத்துக்கொண்டுபோய் நீட்டினேன். "என்னங்க இது?"

வாங்கிப் பார்த்தார். "இது க்ளோஸ் பண்ணின ஃபைலாச்சே. இதை எதுக்கு எடுத்தே? நீதான் செலக்ட் ஆயிட்டியே."

எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று சமையலறையில் போய் நின்று காத்திருந்து பார்த்தேன். இவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, இவருக்கு அது தேவைப்படவில்லை, வேண்டாம் என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கூடுதல் வசதியைத் திறந்து பார்க்காமல் வைத்திருந்தவள் நான்தான். இதை எழுதத் தொடங்கியபோது லேப்டாப்பைக் காரணம் காட்டிவிட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு லேப்டாப்பும் தள்ளுபடி ஆகும்போதும், பரீட்சை தள்ளிப்போனதாகக் கேள்விப்பட்ட மாணவி மாதிரி எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்ததை உன்னிடம் மறைப்பதில் அர்த்தம் இல்லை. "மெட்டு தயார்க்கா, மிஷின்தான் இல்லை" என்று உன்னிடம் சொன்னேனே, மெட்டு தயாரில்லை. மெட்டே இல்லை. கல்லூரியில் உன் முதல் நடனத்துக்கு அந்தப் பழைய கீபோர்டில் வாசித்ததோடு சரி. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வரிகூட எனக்குத் தோன்றியதில்லை. நீ கேட்டாய், உன்னை ஏமாற்றக் கூடாதே என்று, கேட்காத ஒலிக்குப் பட்டனை அழுத்திவிட்டேன். அவ்வளவுதான்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். ஆறு பெண்களின் கால்களும் பதினெட்டாம் தேதிவரை சுளுக்கு இல்லாமல் இருக்கட்டும், உன் கோபம் இருபதாம் தேதிக்குள் தீரட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை.

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் தட்டச்சில் அச்செடுத்ததாகவும் இது மட்டும் பேனாவிலும் இருப்பதைக் கவனித்திருப்பாய். கையால் எழுதிய பக்கங்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால், பக்கங்கள் தண்ணீர்க் கூஜாவில் சாய்ந்து நிற்கின்றன, என் மாமியார் முதுகை நிமிர்த்தி ஒரு லேப்டாப்பின் முன் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறார். "நாலு பக்கம் கேட்டேன், வெச்சிட்டுப் போயிருந்தியே" என்றார், தலையைத் திருப்பாமலே. பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை, ஏனென்றால் அந்தத் தாளத்துக்கு என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. போனை எடுத்து மேஜையில் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். அவரைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில் விரல்கள் நின்றன. ஏழு விநாடி. பிறகு அதே வேகத்தில் தொடர்ந்தன.

முடித்ததும் பக்கங்களை அடுக்கித் தட்டினார். "அடிச்சதுல ஒரு தப்பும் இல்லை. எழுதினதுல ரெண்டு இருக்கு."

"என்ன அத்தை?"

"என் காது நல்லாத்தான் இருக்கு. நீ அனுப்பின சத்தம் எல்லாம் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் அழுத்தலை?"

"முப்பத்தொரு வருஷம் அழுத்தியாச்சும்மா. போதும்னு இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாவது, மெட்டே இல்லைன்னு எழுதியிருக்கே. தினமும் பாத்திரம் கழுவும்போது ஒண்ணு முணுமுணுக்கிறியே, அது யாரோடது?"

"எது?"

முணுமுணுத்துக் காட்டினார். எந்தப் படத்திலும் இல்லாத, யாரும் சொல்லித்தராத ஒன்று. "வருஷக்கணக்கா கேட்டுட்டிருக்கேன். இப்போ அடிச்சதே அந்த வேகத்துக்குத்தான்" என்றார்.

அக்கா, பதினேழு வருடமாக நான் மற்றவர்களின் காதைச் சோதிக்கிறேன்.

இசையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நான்கு நிமிடம் பதினொரு விநாடி. அதில் தாளமாக வருவது இந்தக் கடிதத்தை அவர் அடித்த ஓசை. மெட்டு நான் முணுமுணுப்பது, வேறு இடத்தில் நின்றால் அது எனக்கு வரவில்லை என்பதால் பின்னால் குழாய்த் தண்ணீர் விழும். நடுவில் ஏழு விநாடி எதுவும் கேட்காது. பதிவு பழுதாகிவிட்டது என்று நினைத்து எதையாவது போட்டு நிரப்பிவிடாதே. அங்கே பெண்கள் நிற்கட்டும். எந்த லேப்டாப்பில் செய்தேன் என்று கேட்காதே. மூன்று கட்சியோடும் நான் ஒரே வீட்டில் பழகியாக வேண்டும்.

இவருக்கும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பேனாவை எடுத்து, மற்ற இரண்டு மெட்டு எப்போது வரும் என்று கேட்டார். இரண்டாவதைத் தொடங்கியிருக்கிறேன்.