பழுப்பு நிலக்கரிக் காபி

மற்ற ஊர்களிலெல்லாம் காபி நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை நாக்கு என்ற அற்ப உறுப்பு ஒன்று தீர்மானித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த அதிகாரத்தை அதனிடமிருந்து பிடுங்கிப் பொதுக்கருத்திடம் ஒப்படைத்த பெருமை நெய்வேலி நகரியத்தின் ஒரு பிளாக்கைச் சாரும். எந்த பிளாக் என்று சொல்வதற்கில்லை. சொன்னால் மற்ற பிளாக்குகள் மனம் நோகும். அவையும் தங்களால் இயன்ற அளவு கருத்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.

அறுபத்து மூன்றாம் ஆண்டு அது. பூமிக்குள்ளிருந்து பழுப்பு நிலக்கரி வரத் தொடங்கியிருந்தது. கூடவே எல்லா ஜில்லாக்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியிருந்தார்கள். மதுரைக்காரர் வைக்கும் குழம்பைச் சேலத்துக்காரர் குழம்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். சேலத்துக்காரர் பேசும் தமிழைத் தஞ்சாவூர்க்காரர் தமிழ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். இப்படி எதிலும் ஒட்டாத மக்களை ஒட்டவைக்கும் பெரும்பணியை, குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் சிங்காரவேலு தன் தோள்மீது தானே ஏற்றிக்கொண்டிருந்தார். ஆபீசில் அவர் ஹெட்கிளார்க். அங்கே கருத்துச் சொல்வது அவர் வேலை அல்ல. ஆகவே பகலெல்லாம் உள்ளே சேர்ந்துபோனதை மாலையில் வீடு திரும்பியதும் நாட்டுக்கு வழங்கிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு பலவீனம் இருந்தது. சாகுல் ஹமீது கடைக் காபி.

பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு கீற்றுக் கொட்டகைகள் எதிரெதிரே இருந்தன. ஒன்று நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த சாகுல் ஹமீதுவின் கடை. காய்ந்த சவுக்கு விறகை நிதானமாக எரியவிட்டு, பாலைக் குறுக்கி, டிகாக்‌ஷனைத் தானாகச் சொட்டவிட்டு அவர் போட்டுக் கொடுக்கும் காபியின் முதல் மடக்கு உள்ளே போன பிறகுதான், தான் யார், என்ன உத்தியோகம் பார்க்கிறோம் என்பதே சிங்காரவேலுவுக்கு நினைவு வரும். அது இல்லாமல் ஆபீஸ் பஸ் ஏறிய நாட்களில் அவர் எழுதிய குறிப்புகளைப் பிறகு அவராலேயே புரிந்துகொள்ள முடிந்ததில்லை. எதிர்க்கடை குறிஞ்சிப்பாடி பழனிவேலுடையது. அங்கேயும் காபி கிடைத்தது. அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் உண்டு.

அப்படிப்பட்ட கடைக்கும் விதி ஒரு மழை நாளில் வந்து சேர்ந்தது. பழனிவேலின் விறகு முழுவதும் நனைந்துவிட்டது. வேறு வழி தெரியாமல், லாரியிலிருந்து உதிர்ந்து சாலையோரம் கிடந்த பழுப்பு நிலக்கரிக் கட்டிகளைப் பொறுக்கி வந்து அடுப்பில் போட்டான். அது எரிந்தது என்று சொல்ல முடியாது, எதிர்ப்புத் தெரிவித்தது. கொட்டகை முழுக்கப் புகை. சாகுல் ஹமீது அன்று உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் சிங்காரவேலு அந்தப் புகைக்குள் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மழைக்காக ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார் ஜெயராமன். சிங்காரவேலுவின் இலாகாவுக்கே மேலதிகாரி.

ஜெயராமன் ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது.

"என்னய்யா சிங்காரவேலு, காபியில என்னமோ வாசனை வருதே?"

மேலதிகாரி கண்டுபிடிக்கும் எதுவும் குறையாக இருக்க முடியாது என்பது சிங்காரவேலுவின் உத்தியோகப் பயிற்சி. வாய் தானாகத் திறந்தது.

"நம்ம பழுப்பு நிலக்கரி வாசனைங்க சார். அதுலதான் கொதிக்குது. எல்லாருக்கும் இது புலப்படாது. உங்களுக்குப் புலப்பட்டுடுச்சு."

"நம்ம மைன்ஸ் நிலக்கரியிலயா? பேஷ், பேஷ்."

ஜெயராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டம்ளரைக் காலி செய்தார். கண்ணில் நீர் தளும்பியது. அது தேசபக்தியால் வந்ததா, புகையால் வந்ததா என்று பிரித்துச் சொல்லும் கருவி அப்போது நகரியத்தில் இல்லை.

மறுநாளே கருத்து பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. பழுப்பு நிலக்கரிக் காபி சளியைக் கரைக்கும் என்றார்கள். நரம்புக்கு நல்லது என்றார்கள். அதைக் குடித்த ஒரு வீட்டுப் பெண் கணக்கில் முதல் மார்க்கு வாங்கியதாகவும் சொன்னார்கள். பெண்ணின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பழனிவேல் கடைக்குப் பலகை எழுதி மாட்டினான். பலகையில் இடம் போதாததால் 'காபி' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டான். சிங்காரவேலு அந்தப் பலகையின் கீழே நின்று உரையாற்றுவார். ஆற்றி முடித்ததும் சாலையைக் கடந்து சாகுல் ஹமீது கடைக்குப் போய்த் தொண்டையை நனைத்துக்கொள்வார்.

கொள்கை என்று ஒன்று பிறந்தால் அதற்கு எதிரி என்று ஒருவர் வேண்டும். நலச் சங்கம் கூடியது. பொருளாளர் சாமிக்கண்ணு சேலத்துக்காரர், பேச எழுந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்பவர்.

"சவுக்கு எங்கிருந்துங்க வருது? கடலோர மணல்லேருந்து. அதுக்காக யாராச்சும் பூமியத் தோண்டினாங்களா? தண்ணிய எறைச்சாங்களா? ராத்திரி ஷிப்ட் பாத்தாங்களா? சும்மா வெட்டிக்கிட்டு வர்றது. உழைப்பே இல்லாத நெருப்புல கொதிச்ச காபிய உழைக்கிற ஜனங்க எப்படிங்க குடிக்கிறது?"

பின்வரிசையிலிருந்து ஒருவர், ஆனால் பாய் கடைக் காபி ருசியாக இருக்கிறதே என்று மெல்ல ஆரம்பித்தார். ருசி என்பது தனிமனித விவகாரம், அதைச் சபையில் பேசக்கூடாது என்று சாமிக்கண்ணு அவரை உட்கார வைத்தார். சாகுல் ஹமீது வரும் வாரத்துக்குள் தன் அடுப்பைப் பழுப்பு நிலக்கரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், தவறினால் அவர் கடை இடத்தைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதுவது என்று தீர்மானம் வந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். சிங்காரவேலுவின் கை சற்றுத் தயங்கியது. அது தன் கை அல்ல, செயலாளரின் கை என்பதை அவர் அதற்கு நினைவூட்ட, அதுவும் உயர்ந்தது.

சேதியைச் சொல்லும் கடமையும் செயலாளருக்கே. காலையில் கடைக்குப் போய் முதலில் காபி குடித்தார். இனிக் கிடைக்காதே என்ற எண்ணத்தில் இன்னொன்றும் குடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தை ஒப்பித்தார்.

சாகுல் ஹமீது அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னா சரிங்க ஐயா. இத்தினி பேரு கூடிச் சொல்றீங்க, அதுல ஏதாச்சும் இருக்கும்" என்றார்.

சொன்னபடி மாற்றினார். அடுத்த வாரம் சிங்காரவேலு அந்தக் காபியை வாயில் ஊற்றினார். வாயைத் திறந்துகொண்டு ரயில் எஞ்சினுக்குப் பின்னால் ஓடினால் என்ன ருசி வருமோ அந்த ருசி.

எப்படி இருக்கிறது என்று சாகுல் ஹமீது கேட்டார். அற்புதம் என்றார் சிங்காரவேலு. அன்று ஆபீசில் அவர் லீவு விண்ணப்பம் ஒன்றைப் பதவி உயர்வு என்று எழுதி அனுப்பினார்.

பிளாக்கே அற்புதம் என்றது. ஆனால் ஒவ்வொருவர் உடம்புக்கும் ஏதோ ஒன்று வந்தது. ஒருவருக்குப் பித்தம். ஒருவருக்கு விரதம். சாமிக்கண்ணுவுக்குச் சூட்டுடம்பு, ஆகவே வீட்டு மோர். பாய் கடையைத் தாண்டும்போது சாலையில் நின்றே எல்லோரும் பாராட்டினார்கள். நின்றது காற்று எதிர்ப்புறமாக வீசும் பக்கத்தில். பழனிவேல் பாதி நாள் கடையைச் சாத்திவிட்டுக் குறிஞ்சிப்பாடியில் மாமன் வீட்டுத் தறிக்குப் போக ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாகுல் ஹமீது தன் மனைவி சித்தீகாவுடன் சிங்காரவேலுவின் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சித்தீகா நேரே பின்கட்டுக்குப் போய்விட்டாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"எல்லாரும் நல்லாருக்குது, நல்லாருக்குதுன்னுதாங்க ஐயா சொல்லிக்கினு போறாங்க. குடிக்கத்தான் ஒருத்தரும் வர்றதில்லை. இப்படியே போனா கடைய மூடிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்."

காபிக்கு நல்ல பெயர் இருக்கிறதல்லவா, வியாபாரம் பின்னால் வரும் என்று சிங்காரவேலு தேற்றினார்.

"கொற எங்கிட்டதாங்க இருக்கும். அதுக்குப் பக்குவம் எனக்குப் பிடிபடலை. நீங்க இவ்ளோ எடுத்துச் சொல்றீங்கன்னா, உங்க வூட்ல எத்தினி நாளா நெலக்கரி எரிக்கிறீங்களோ. அதான் அம்மாகிட்ட கேட்டுக்கினு வரச் சொல்லி சித்தீகாவக் கூட்டியாந்தேன்."

சிங்காரவேலு எழுந்தார். மனைவி சந்திராவுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்கட்டிலிருந்து சந்திராவின் குரல் கணீரென்று வந்தது.

"நல்லாப் பாத்துக்க சித்தீகா. ஜன்னல் ஒசரத்துக்கு அடுக்கி வெச்சிருக்கறது அத்தனையும் சவுக்கு. மந்தாரக்குப்பம் வெறகுத் தொட்டியிலேருந்து வண்டியில வந்து எறங்கினது. இந்த வூட்டுல கருத்து அவருது, அடுப்பு என்னுது. ரெண்டையும் நாங்க ஒண்ணா வெக்கிறதில்லை."

சித்தீகா வெளியே வந்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். சாகுல் ஹமீது அவளைப் பார்த்தார், சிங்காரவேலுவைப் பார்த்தார். கோபமே இல்லாமல், அப்படியானால் தானும் சவுக்கே எரிக்கலாமா என்று கேட்டார்.

"தீர்மானம் இருக்குதே பாய்" என்றார் சிங்காரவேலு, தரையைப் பார்த்து.

சந்திரா வாசலுக்கே வந்துவிட்டாள். "தீர்மானம்னா எல்லாருக்குந்தானேங்க? பாய், நாளைக்கு ஒரு கூடை நெலக்கரி இங்கியும் கொண்டாங்க. இனிமே சோறும் அதுலதான், ரசமும் அதுலதான். செயலாளர் வூடு பின்தங்கலாமா?"

கடைக் காபி போனதைத் தாங்கிக்கொண்டிருந்த தியாகிக்கு ரசம் போவதைத் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் கூட்டினார்.

எடுத்த எடுப்பில், உறுப்பினர்களில் யார் யார் வீட்டில் பழுப்பு நிலக்கரி எரிகிறது, கை தூக்குங்கள் என்றார். ஒரு கையும் எழவில்லை. சாமிக்கண்ணு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். தன் வீட்டிலும் சவுக்குதான் என்று சிங்காரவேலு சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பொதுவாழ்வில் இருப்பவர். உண்மையைச் சொல்லி மக்களைக் குழப்புகிறவர் அல்ல.

"பெரியோர்களே, நாம இத்தனை நாளும் ஒரு பெரிய தப்பைப் பொறுத்துக்கிட்டு இருந்துட்டோம். பழுப்பு நிலக்கரி எதுக்காக வந்தது? ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்க. அதைக் கொண்டாந்து காபிக் கடை அடுப்புல போட்டு ஊதறோமே, இது அதுக்கு எவ்வளவு பெரிய அவமரியாதை?"

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நல்லவர்கள் ஒருசேர விடுதலை அடையும்போது வரும் ஓசை அது. சாமிக்கண்ணு துள்ளி எழுந்து வழிமொழிந்தார். சவுக்கு எரியட்டும், உழைக்காமல் வந்ததற்கு அதுதான் தண்டனை என்றார். ஆனால் பொதுக்கருத்தை மாற்ற முடியாதே, பிளாக்குக்கு அதனால் வந்த பெயர் என்ன ஆவது என்று ஒருவர் கவலைப்பட்டார். அதற்கும் வழி பிறந்தது. சாகுல் ஹமீது கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் ஒரு நிலக்கரிக் கட்டியை மரியாதையாக வைப்பது. அடுப்பில் சவுக்கு எரியும். காபியின் பெயர் பழுப்பு நிலக்கரிக் காபி என்றே இருக்கும். தீர்மானம் நிறைவேறிய வேகத்தில் நன்றியுரையைக்கூட யாரும் கேட்கவில்லை. பித்தக்காரரும் விரதக்காரரும் முன்னால் ஓட, சூட்டுடம்பு அவர்களைத் தாண்டி ஓடியது.

கடை பிழைத்தது. சாமிக்கண்ணு தன் கையால் கட்டிக்குச் சாமந்திச் சரம் சுற்றினார். சாகுல் ஹமீது தினமும் காலையில் அதைத் துணியால் துடைத்து வைத்தார். பழனிவேலும் தறியை விட்டு வந்து தன் கடை வாசலில் ஒரு கட்டியை வைத்தான். நிலக்கரிக் காபியில் இப்போதுதான் உண்மையான நிலக்கரி மணம் வருகிறது என்று பிளாக் ஒரு முகமாகக் கருதியது. சிங்காரவேலு மறுபடியும் தான் யார் என்பது தெரிந்த நிலையில் ஆபீசுக்குப் போய்வந்தார்.

இந்தப் புகழ் எட்டிய இடங்களில் சென்னையும் ஒன்று. அங்கிருந்து வந்த விருந்தாளி ஒருவரை ஜெயராமன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேரே சாகுல் ஹமீது கடைக்கு வந்தார். செயலாளர் என்ற முறையில் சிங்காரவேலு ஓடி வந்து நின்றார். விருந்தாளி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒரு காபியை வாழ்நாளில் குடித்ததில்லை என்றார்.

"எல்லாம் நம்ம நிலக்கரியோட குணம்" என்றார் ஜெயராமன்.

"அப்படியா? ஒரு நாளைக்கு எவ்வளவு நிலக்கரி செலவாகும்?"

சிங்காரவேலு வாயைத் திறந்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து கருத்து எதுவும் வரவில்லை. சாகுல் ஹமீது ஸ்டூலைக் காட்டினார்.

"ரொம்ப நாளா இந்த ஒரே கட்டிதாங்க."

"ஒரே கட்டியா? அப்போ அடுப்புல?"

"அடுப்புல சவுக்குங்க. காபி கொதிக்கணும்னா நெருப்பு வேணுங்களே. இது கருத்துக்குங்க. அதுக்கு நெருப்பு வேணாம், வாசல்ல இருந்தா போதும்."

விருந்தாளி சிரித்துவிட்டார். ஜெயராமன் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலைச் சுற்றி வந்து கட்டியை நாலு பக்கமும் நெடுநேரம் பார்த்தார். பிறகு சிங்காரவேலுவின் தோளில் கைபோட்டு ஜீப்புக்குப் பின்புறமாக அழைத்துப் போனார்.

"எங்க பங்களா வாசலுக்கும் ஒண்ணு அனுப்பி வையி" என்றார் காதோரமாக. "பெரிய கட்டியாப் பாத்து அனுப்பு. ஹெட்கிளார்க் கருத்தும் என் கருத்தும் ஒரே சைஸுல இருந்தா நல்லாவாய்யா இருக்கும்?"