ஹீற்றர் போடாத மனுசன்

கலியாணம் கட்டின ஆம்பிளையள் கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கோ. மனுசிக்கு முன்னாலை நாரி நோகுது எண்டு சொல்லுங்கோ. நெஞ்சு நோகுது எண்டும் சொல்லுங்கோ, பரவாயில்லை. ஆனால் குளிருது எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ. நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? நான் அப்பிடித்தான் கெட்டன்.

என்ரை பேர் ஜேசுரட்ணம். மன்னார் ஆள். ஸ்டுட்கார்ட்டிலை லொறி ஓடுறன். இல்லை, ஓடினன். அந்த ரெண்டு எழுத்து மாறினதை நினைச்சால் இப்பவும் வயிறு பத்தி எரியுது.

எங்கடை முதலாளி பாஸ்கரன் தம்பி. தமிழ்க் கடையளுக்கு மீன், மரவள்ளி, ரொட்டி எல்லாம் உறையவைச்சு மொத்தமாக் குடுக்கிறவர். போன கோடையிலை பழைய டீசல் லொறியை வித்துப்போட்டுச் சின்னதா ஒரு மின்சார லொறி எடுத்தார். "ஜேசண்ணை, இதுக்குக் கார் லைசென்சே காணும், பெரிய லைசென்ஸ் தேவையில்லை" எண்டு சொல்லித் திறப்பை என்ரை கையிலை தந்தார். ஐயோ, அந்த லொறி! சத்தம் இல்லை, புகை இல்லை, கியர் இல்லை. சீற்றிலை சூடு. ஸ்டியறிங்கிலை சூடு. இந்த உலகத்திலை என்ரை சொல்வழி கேட்ட ஒரே சீவன் அதுதான்.

என்ரை மனுசி பற்றிமாவுக்கும் அங்கைதான் வேலை. அவ உள்ளுக்கை, குளிரறையிலை. மைனஸ் பதினெட்டிலை நிண்டு மீனைப் பெட்டி பெட்டியா அடுக்கிறது. எட்டு வருசமா அடுக்கிறா. ஒருநாளும் குளிருது எண்டு சொன்னதில்லை. அதாலை அவவுக்குக் குளிராது எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

நவம்பரிலை முதல் ஸ்னோ விழுந்த அண்டைக்கு நான் ஒரு பெரிய முடிவெடுத்தன். இந்தக் குளிர்காலம் விளக்குமாறைத் தொடமாட்டன். ஸ்னோ தள்ளுற சவளையும் தொடமாட்டன்.

ஸ்டுட்கார்ட்டிலை இருக்கிறவைக்குக் கேர்வொஹ எண்டால் என்னவெண்டு தெரியும். மாடிக் கட்டடத்திலை கிழமைக்கு ஒரு வீடு முறைவைச்சுப் படி கூட்டி, வாசல் துடைச்சு, ஸ்னோ விழுந்தால் விடிய முன்னம் அதையும் தள்ளவேணும். முறை வந்த வீட்டுக் கதவிலை ஒரு மட்டையைக் கொளுவிவிடுவினம். யமன் வந்து கதவைத் தட்டினாலும் "இண்டைக்கு ஏலாது, நாளைக்கு வாரும்" எண்டு சொல்லிப் பாக்கலாம். கீழ்வீட்டு ஹேபர்லே மனுசியிட்டை அந்தக் கதை சரிவராது.

அண்டைக்குப் பின்னேரம் வீட்டை வந்து சப்பாத்தைக் கழட்டேக்கையே பல்லைக் கிடுகிடுவெண்டு அடிச்சன். பற்றிமா குசினியாலை எட்டிப் பாத்தா.

"என்னப்பா, காய்ச்சலே?"

"காய்ச்சல் இல்லை. குளிர்."

"லொறிக்குள்ளை என்ன குளிர்? ஹீற்றர் இல்லையே?"

"இருக்கு. போட ஏலாது."

"ஏன் ஏலாது?"

"பற்றறி இறங்கிப்போடும். டீசல் எண்டால் எஞ்சின்ரை சூடு சும்மா வரும். இது கறண்ட். குளிருக்கு ஏற்கெனவே பற்றறி பாதிதான். ஹீற்றர் போட்டால் லொறி ஓடாது. லொறி ஓடினால் ஹீற்றர் போட ஏலாது."

"அப்ப நாள் முழுக்க?"

"விறைச்சுப்போய் இருக்கிறன் பற்றிமா. ஆருக்குச் சொல்லி அழுறது? குடும்பத்துக்காகத் தாங்கத்தானே வேணும்."

குளிருக்குப் பற்றறி கெதியா இறங்கிறது உண்மை. ஹீற்றர் கொஞ்சம் இழுக்கிறதும் உண்மை. புட்டுக்குத் தேங்காய்ப்பூ கலக்கிற மாதிரி, பொய்க்குள்ளை உண்மையைக் கலந்துதான் அவிக்கவேணும். நான் விட்டது ஒண்டே ஒண்டுதான். காலமை லொறி சார்ஜிலை நிக்கேக்கையே உள்ளுக்குச் சூடாக்கி வைக்கலாம் எண்டதை நான் சொல்லேல்லை.

பற்றிமாவுக்குக் கண் கலங்கிப்போச்சு. "அந்தோனியாரே! இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறியளே. நீங்கள் போய்ப் போர்த்துக்கொண்டு படுங்கோ. கேர்வொஹவை நான் பாக்கிறன்."

அடுத்தநாள் விடியக் காலமை யன்னலாலை பாத்தன். பற்றிமா ஸ்னோ தள்ளுறா. ஹேபர்லே மனுசி வெளியிலை வந்து, "உங்கடை கணவர் எங்கை?" எண்டு கேக்கிறா. "அவருக்கு ஏலாது, பாவம்" எண்டு இவ சொல்லுறா. நான் யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டு, அவ வைச்சுத் தந்த மிளகு ரசத்தைக் குடிச்சன். நல்ல ருசி.

அண்டையிலையிருந்து ராச வாழ்க்கைதான். பின்னேரம் வந்தால் சுடுதண்ணியிலை கால் வைக்கலாம். காலுக்கு நல்லெண்ணெய் பூசிவிடுவா. குசினிப் பக்கம் போகத் தேவையில்லை. ஒரே ஒரு கரைச்சல். ரெண்டு கம்பளி ஸ்வெற்றர், கழுத்துக்கு மஃப்ளர், குரங்குத் தொப்பி எல்லாத்தையும் மாட்டித்தான் வீட்டாலை அனுப்புவா. வழியிலை கழட்டவும் பயம். கடைக்காரர் எல்லாருக்கும் பற்றிமாவைத் தெரியும், ஆராவது ஒருத்தர் சொல்லிப்போடுவினம். அதாலை எல்லாத்தையும் போட்டபடி, ஹீற்றரையும் இருபத்தாறிலை விட்டுட்டு, அடுப்பிலை வைச்ச இட்டலி மாதிரி வேர்த்து வழிஞ்சுகொண்டு ஓடினன்.

இப்பிடியே ஜனவரி முடிஞ்சுது. கடவுளுக்குப் பொறுக்கேல்லை.

அண்டைக்கு மைனஸ் பன்ரெண்டு. டேகர்லொக் மேட்டிலை ஒரு கடைக்குச் சாமத்திய வீட்டு ஓடர், பாரை மீன் ஏத்திக்கொண்டு போறன். மத்தியானம் அரை மணித்தியாலம் சார்ஜ் போடவேணும். சார்ஜ் தூணடிக்குப் போனன். போய் நிப்பாட்டினன். ஆனால் கேபிள் கொளுவ வெளியிலை இறங்கவேணுமே! வெளியிலை என்ன குளிர் தெரியுமே? நான் உள்ளுக்கை இருந்து றோல்ஸ் ரெண்டைத் திண்டுபோட்டு அப்பிடியே வெளிக்கிட்டன்.

டேகர்லொக் ஏத்தத்திலை பாதி வழி. லொறி முதலிலை மெதுவாச்சு. பிறகு மீற்றரிலை ஆமை மாதிரி ஒரு படம் காட்டிச்சுது. பிறகு படமும் இல்லை. கரையிலை ஒதுக்கிப்போட்டுப் பாஸ்கரன் தம்பிக்குப் போன் அடிச்சன்.

"அங்கையே நில்லுங்கோ அண்ணை, வாறன். பற்றிமா அக்காவும் வாறா. நீங்கள் விறைச்சுப்போயிருப்பியள் எண்டு இஞ்சை நிண்டு அழுறா."

மடு மாதாவே! அவை வந்து கதவைத் திறந்தால் உள்ளுக்கையிருந்து சூடு முகத்திலை அடிக்குமே! மூண்டு மாசப் பொய், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் நிக்குது.

ரெண்டு கதவையும் அகலத் திறந்தன். குளிர் உள்ளுக்கை வந்துது, ஆனால் சூடு வெளியிலை போகமாட்டன் எண்டு நிக்குது. ஒரு மட்டைப்பெட்டியைக் கிழிச்சு விசிறினன். சீற்றைத் தொட்டுப் பாத்தன், இன்னும் இளஞ்சூடு. ரோட்டுக்கரை ஸ்னோவை அள்ளிச் சீற்றிலை தேய்ச்சுத் துடைச்சன். ஒரு ஜேர்மன்காரன் காரை மெதுவாக்கிப் பாத்துப்போட்டு, வேகமாப் போயிட்டான். தம்பியும் பற்றிமாவும் வந்து சேரேக்கை லொறி நல்லாக் குளிர்ந்துபோச்சு. நானும் உண்மையாவே நடுங்கிக்கொண்டு நிக்கிறன். மூண்டு மாசத்திலை அதுதான் முதல் தரம்.

பாஸ்கரன் தம்பி உள்ளுக்கைத் தலையை விட்டார். "என்ன அண்ணை இது, உள்ளுக்கை பிணவறை மாதிரிக் கிடக்கு! ஹீற்றர் போடுறேல்லையே?"

நான் வாய் திறக்க முன்னம் பற்றிமா முந்திவிட்டா. "எங்கை போட்டவர்? உங்கடை பற்றறிக்காக மூண்டு மாசமாப் போடேல்லைத் தம்பி. அவர் சொல்லமாட்டார். அதாலை நான் சொல்லுறன்."

"உண்மையே அண்ணை?"

இந்த இடத்திலை கொஞ்சம் எனக்காக இரங்குங்கோ. "போட்டனான் தம்பி, சார்ஜ் போட இறங்கத்தான் பஞ்சிப்பட்டுப்போட்டன்" எண்டு சொன்னால் கொஞ்சம் ஏச்சு விழும், லொறி மிஞ்சும். ஆனால் பக்கத்திலை பற்றிமா நிக்கிறா. ஒரு குளிர்காலம் முழுக்க ஸ்னோ தள்ளின கையோடை நிக்கிறா. யோசிக்க எனக்கு நேரம் இல்லை.

"ஓம் தம்பி" எண்டன்.

"அப்ப இனி உங்களாலை ஏலாது அண்ணை. உங்கடை வயசுக்கு ஏதும் நடந்தால் நான் ஆருக்குப் பதில் சொல்லுறது?"

"சீச்சீ, எனக்குப் பழகிட்டுதுத் தம்பி."

"என்ன பழகினது?" எண்டா பற்றிமா. "நித்திரையிலை கூடக் குளிருது குளிருது எண்டு புலம்புறார்."

அது சுத்தப் பொய். நான் நித்திரையிலை குறட்டை மட்டுந்தான் விடுறனான். ஆனால் அதைப் பொய் எண்டு சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு?

"அப்ப லொறியை ஆர் ஓடுறது?" எண்டு தம்பி தலையைச் சொறிஞ்சார்.

"நான் ஓடுறன். கார் லைசென்ஸ் காணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். எனக்குக் குளிர் பழக்கம். இவரை என்ரை இடத்துக்கு எடுங்கோ, உள்ளுக்கை நிக்கட்டும்."

"பற்றிமா," எண்டன். "உள்ளுக்கை மைனஸ் பதினெட்டு."

"அங்கை எல்லாம் தருவினம் அப்பா. தடிச்ச ஜக்கெற், சப்பாத்து, கையுறை. நேரத்துக்கு நேரம் வெளியிலை விட்டுச் சூடேறச் சொல்லுவினம். லொறியிலை உங்களுக்கு ஆர் இதெல்லாம் தந்தது?"

பாஸ்கரன் தம்பி மூக்கை உறிஞ்சினார். "அண்ணை, இப்பிடி ஒரு மனுசி கிடைக்க நீங்கள் குடுத்து வைச்சிருக்கோணும்."

அதுக்கும் ஓம் எண்டுதான் சொன்னன். வேறை என்னத்தைச் சொல்லுறது?

திங்கக்கிழமை குளிரறைக்குள்ளை இறங்கினன். ஜக்கெற் தந்தவை, உண்மைதான். கொஞ்ச நேரத்திலை மூக்கு இருக்கிற இடம் தெரியேல்லை. கை என்னுடையதோ, அடுக்கிற பாரை மீனுடையதோ எண்டு சந்தேகம் வந்திட்டுது. அதுக்குள்ளை நிக்கேக்கைதான் நினைச்சன். எட்டு வருசமா அவ இதுக்குள்ளை நிண்டிருக்கிறா. ஒருநாளாவது "குளிருதே பற்றிமா?" எண்டு நான் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. அது எனக்கு இப்பவும் கவலைதான். அதோடை, அந்தச் சூட்டுச் சீற்றும் கவலைதான், மறைச்சு என்ன பிரயோசனம்?

பின்னேரம் வீட்டை வந்தன். எனக்கும் ஒரு ரசம் கிடைக்கும் எண்டு குசினியை எட்டிப் பாத்தால் அடுப்பு பத்தவே இல்லை. எனக்குப் பின்னாலை பற்றிமா வந்தா. வந்ததும் சோபாவிலை விழுந்தா. பல்லைக் கிடுகிடுவெண்டு அடிச்சா.

"எப்பிடி லொறி?" எண்டு கேட்டன்.

"கேக்காதேங்கோ அப்பா. நீங்கள் சொன்னது அவ்வளவும் சத்தியம். விறைச்சே போனன்."

"பற்றிமா, காலமை சார்ஜிலை நிக்கேக்கை உள்ளுக்கு..." அதோடை நாக்கைக் கடிச்சன்.

"நிக்கேக்கை?"

"ஒண்டுமில்லை. கவனமா இரும் எண்டு சொன்னன்."

"நீங்கள் எவ்வளவு நல்லவர்! இந்தக் கிழமை கேர்வொஹ எங்கடை முறையாம். எனக்குக் கை மடங்குதில்லை. ஒருக்கால் பாப்பியளே?"

படி கூட்டினன். ஸ்னோ தள்ளினன். ஹேபர்லே மனுசி என்னைக் கண்டுட்டு, "ஓ! சுகமாகிட்டுதோ?" எண்டு கேட்டா. மேலை வந்து ரசம் வைச்சன். சுடுதண்ணி வைச்சன். பற்றிமா கண்ணை மூடிக்கொண்டு காலைத் தண்ணிக்குள்ளை விட்டா. "உடுப்பையும் மெஷினிலை போட்டுவிடுங்கோ அப்பா" எண்டா.

கூடையைத் தூக்கிக்கொண்டு கீழை, மெஷின் நிக்கிற கெல்லருக்குப் போனன். கலியாணம் கட்டி இத்தனை வருசத்திலை அந்த மெஷின்ரை வாயை நான் திறந்தது அண்டைக்குத்தான். அவவின்ரை சேர்ட்டைக் கையிலை எடுத்தன். முதுகுப் பக்கம் முழுக்க வேர்வையிலை ஊறிப்போய்க் கிடந்தது. அப்பதான் எனக்கு மண்டையிலை ஓடிச்சுது: மூண்டு மாசமா என்ரை சேர்ட்டைத் தோய்ச்சது ஆர்?