மாமனார் விஞ்ஞானியான கதை

பொய் எழுதுவது சுலபம். அதை எழுதியது நான்தான் என்று நிரூபிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

இரண்டாயிரங்களின் நடுவில் நொய்யல் கரையோரப் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தேன். நெட்டில் வருவதையெல்லாம் பிள்ளைகள் அப்படியே நம்புவது எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று நானே ஒரு பொய் வலைப்பக்கம் தயாரித்தேன்: ‘சாயக் கழிவுநீர் பாய்ச்சினால் தென்னை இரண்டு மடங்கு காய்க்கும்.’ சொன்னவர் ஒரு விஞ்ஞானி. படத்துக்கு, என் கல்யாண ஆல்பத்தில் கோட்டு போட்டு நின்ற மாமனார். (அவருக்கு வெள்ளகோவிலில் முருங்கைக்காய் மண்டி.)

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கவிதா என்ற பெண் எழுந்து, "பொய்யுங்க சார். எங்க கெணத்துல சாயத்தண்ணி எறங்கித்தானுங்க தென்னை பட்டுப்போகுது" என்றாள். பூரித்துப்போய் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். (புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!)

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம். மிச்சமிருக்கிற மரங்களையாவது காப்பாற்றுங்கள் என்று கவிதாவின் அப்பா மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கெஞ்சினார். சாயப்பட்டறை முதலாளி (எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரே) சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்து நீட்டினார்.

"நெட்லயே வந்திருக்குதுங்க. பள்ளிக்கூடத்துலயே ஒட்டி வெச்சிருக்காங்க."

நான் துள்ளி எழுந்தேன். "அது பொய்யுங்க. நான்தானுங்க எழுதுனேன்."

"நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாருங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க, கம்ப்யூட்டர்."

"அப்புறம் எப்படிங்க இதை நீங்க எழுதியிருக்க முடியும்?"

"போட்டோவுல இருக்கறது எங்க மாமனாருங்க!"

"அட, விஞ்ஞானி ஊட்டு மாப்பிள்ளைங்களா? குடுத்து வெச்சவருங்க நீங்க" என்றார் முதலாளி. கூட்டமே சிரித்தது, கவிதாவின் அப்பாவைத் தவிர. ஆய்வு செய்து முடிவெடுப்பதாகச் சொல்லி அதிகாரி ஜீப்பில் ஏறினார். அந்த ஆய்வு நடக்கவே இல்லை.

இன்றும் வீட்டில் மாமனாருக்கு விஞ்ஞானி என்றுதான் பெயர். சட்னியில் உப்புக் குறைந்தால்கூட அவரிடம்தான் ஆய்வுக்குப் போகும்.

கவிதா வீட்டுத் தோப்பு முழுக்கப் பட்டுப்போனது. கவிதா படிப்பை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனாள். அவள் அப்பா அதே பட்டறையில் வாட்ச்மேன் ஆனார். ஒருநாள் அந்த வழியாகப் போனபோது கேட்டருகே எழுந்து நின்று கும்பிட்டார்.

"உங்க விஞ்ஞானி சௌக்கியமுங்களா, சார்?"

இந்த முறை அவர் சிரித்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. சௌக்கியமுங்க என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.