அப்பாவின் ஜெபமும் ஆறிய வெந்நீரும்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜோஸ்வினுக்கு,

கோவில்பட்டியிலிருந்து அண்ணன் ஜான்பீட்டர் சமாதானம் கூறி எழுதுவது. சமாதானம் உனக்கு, இங்கே அது கைவசம் இல்லை.

முதியோரைக் கனம்பண்ணச் சொல்லி நேற்றும் குடும்ப வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூப் படம் அனுப்பியிருந்தாய். சென்னையில் இருந்துகொண்டு கனம்பண்ணுவது சுலபம். அந்தக் குழுவில் அப்பாவும் இருப்பதால்தான் தபாலில் எழுதுகிறேன். அவர் என்னிடம் நேரில் பேசுவதை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியதை எல்லாம் குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்கிறார், நாங்கள் முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மறுத்துப் பேச வழியில்லாமல் கேட்க வேண்டும். “ஆண்டவரே, உம்ம அடியான் கேட்ட வெந்நி ஆறிப்போயி வந்துது. கொண்டாந்தவன் எம்.ஏ. படிச்சவன். அவன மன்னியும்.” குரல் தெருவுக்கே கேட்கிறது. மறுநாள் எதிர்வீட்டுப் பெருமாள்சாமி அண்ணாச்சி, “என்ன சார், இன்னைக்காவது வெந்நி சூடா குடுத்தீயளா?” என்கிறார். உனக்கோ அதே ஜெபத்தில், “தூரத்துல இருந்தாலும் எம்மேல உசுரா இருக்க சின்னவன்” என்று ஆசீர்வாதம். படிக்கிற காலத்தில் உனக்கு மோட்டார் சைக்கிளும் எனக்கு பஸ் பாஸும் வாங்கித் தந்தவர்தானே. நான் மறக்கவில்லை.

போன வாரம் பொறுக்கமாட்டாமல் நானும் சத்தமாக ஜெபித்தேன்: “ஆண்டவரே, வெந்நி கொதிக்கக் கொதிக்கத்தான் வந்துது. உம்ம அடியான் பேப்பர்ல வரி விளம்பரம் வரைக்கும் படிச்சிட்டுத் தொட்டா அது என்ன செய்யும்?” ஆமென் சொல்ல வேண்டிய உன் மதினி எஸ்தர்ராணி சிரித்துவிட்டாள். அப்பா மறுபடி ஆரம்பித்தார்: “ஆண்டவரே, இவன் சொல்லுதத நம்பாதேயும்.” பிறகு நான், பிறகு அவர். சோறு ஆறிப்போனது. அதற்கும் நானே மன்னிக்கப்பட்டேன்.

“ரெண்டு பேரும் எந்திச்சு நின்னு சண்ட போட்டா என்ன? தேயுதது என் முட்டுல்லா” என்கிறாள் எஸ்தர்ராணி.

ஆகவே சனிக்கிழமை வந்து அப்பாவை அழைத்துப் போ. அவருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். மன்னிக்கப்படுகிறவர்கள் பட்டியலில் இனி உன் பெயரும் வரட்டும்.

சபிதாவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. கர்த்தர் உங்கள் முழங்கால்களைக் காப்பாராக.

அண்ணன்,
ஜான்பீட்டர்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இன்றைய ஜெபம் முடிந்தது. நீ வந்து அழைத்துப் போவாய் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். வெந்நீர்ப் பேச்சே இல்லை. “ஆண்டவரே, சின்னவன் வீட்ல எனக்கு ஒரு கொறயும் இருக்காது. அங்கன போயி நான் ஒம்மகிட்ட என்னத்தச் சொல்ல?” என்று கேட்டவர், ஆமென் சொல்ல மறந்துவிட்டார். நாங்களும் கண்ணைத் திறக்கவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன், வராதே. எழுதியதெல்லாம் உண்மை என்பதால் கடிதத்தை அனுப்புகிறேன். நாளைக்கு வெந்நீரைக் கொஞ்சம் ஆறவிட்டே கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.