வெயிலைப் பூட்டி வைத்த மாப்பிள்ளை

பினாங்கில் வெயில் போதவில்லை என்று சொன்ன ஒரே முட்டாள் நான்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மீசையும் அறிவும் ஒன்றாகவே முளைத்துவிட்டதாக நினைப்பு. (மீசை மட்டும்தான் முளைத்திருந்தது.)

ஜார்ஜ் டவுனில் சவரிமுத்து மாமாவின் அச்சகத்தில் எழுத்துக் கோப்பது என் வேலை. அவர் மகள் செசிலியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையை மாமாவே அடிப்பதாக ஏற்பாடு. ஆனால் அடைமழைக் காலம். காகிதம் நமுத்துப்போய், சோதனைக்கு அடித்த பிரதியில் மை இரண்டு நாளாகியும் காயவில்லை. தொட்டால் தலைப்பிலிருந்த மாதா படம் விரலோடு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகை என் கையில் சிக்கியது. குளிர் தேசத்துப் பட்டறைகளைச் சூடாக்கும் வழி அதில் இருந்தது. கூரையில் கண்ணாடி, கீழே கருங்கல்லும் தண்ணீரும். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு அவை மெல்ல மெல்ல விடுமாம்.

"விறகு வேணாம், கரி வேணாம் மாமா. சும்மா கிடைக்கிற சூடு!"

"சரிலா, செஞ்சு பாரு. மெஷின்ல மட்டும் கை வைக்காதே."

சத்தியமாக மெஷினில் கை வைக்கவில்லை. கூரை ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி பதித்தேன். முப்பது மண்ணெண்ணெய் டின்களுக்கு அச்சு மையையே கறுப்பாகப் பூசி, தண்ணீர் நிரப்பி, கற்களோடு மெஷினைச் சுற்றி அடுக்கினேன். சூடு வெளியே போகாமலிருக்க, சன்னல் இடுக்கெல்லாம் சாக்கு அடைத்துச் சனிக்கிழமை மாலை பூட்டினேன். ஞாயிறு விடுமுறை. மழை விட்டு, வெயில் கொளுத்தியது. பூசையில் ஆண்டவருக்கு நன்றி வேறு சொன்னேன்.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் இட்லிச் சட்டி மூடியைத் திறந்த மாதிரி அனல். காகிதமெல்லாம் அப்பளமாகக் காய்ந்திருந்தது. ஆகா! பிறகுதான் மெஷினைப் பார்த்தேன். மை தடவும் உருளைகளைக் காணோம். அந்தக் காலத்தில் அவற்றை வச்சிரப் பசையும் வெல்லப்பாகும் காய்ச்சித்தான் வார்ப்பார்கள். ஆறு வருஷம் அங்கே வேலை பார்த்த எனக்கு அது நன்றாகவே தெரியும். (தெரிந்தும் ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள்.) நாலும் உருகி இரும்புக் கம்பிதான் மிச்சம். தரையெல்லாம் பாகு, பாகெல்லாம் எறும்பு.

மாமா திட்டவில்லை. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "கல்யாணத்தைப் பத்தி யோசிக்கணும்லா" என்றார்.

புது உருளை சிங்கப்பூரிலிருந்து வர மூன்று வாரமாகும். கல்யாணமோ பத்தாம் நாள். வேறு அச்சகத்தில் அடிப்பதைவிட மாமா கடலில் குதித்துவிடுவார். வாரம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. செசிலி இல்லாத வாழ்க்கையை நினைத்து நான் உண்மையாகவே அழுதேன்.

அடுத்த ஞாயிறு கோயிலில் எங்களுக்கு மூன்றாவது, கடைசி ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசித்து நிமிர்ந்தார். முன் வரிசையில் மாமா எழுந்து நின்றார்.

"சாமி, தடை ஒண்ணும் இல்லே. பத்திரிகைதான் இல்லே. மாப்பிள்ளை மெஷினை உருக்கிட்டாரு. அதனால இங்க இருக்கிற எல்லாரும் புதன்கிழமை வந்துருங்க. இதுதான் பத்திரிகை!"

கோயிலே சிரித்தது. பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் செசிலியின் தோள் குலுங்கியது. (அழுகிறாள் என்று பயந்தேன். சிரிப்பாம்.)

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு மூன்றாம் ஓலை வாசித்தாலும் பெண்ணின் தகப்பன் எழுந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. கதை தெரியாத மாப்பிள்ளைகளுக்கு முகம் வெளுத்துப்போகும். போன மாதம் என் கடைசி மகளுக்கு ஓலை. மாமா இப்போது இல்லை. நான் எழுந்து நின்றேன். நினைத்து வைத்திருந்த கேலி ஒன்றும் வாயில் வரவில்லை. செசிலிதான் பெண்கள் பக்கத்திலிருந்து, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"உக்காருங்க லா. பையன் பாவம், நிசம்னு நினைச்சுட்டான்."