மூணு பாஷை மாஸ்டரும் பால்குடமும்

ஒரே மேளத்தை நிறுத்துவதற்கு மூன்று மொழிகளைச் செலவழித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அந்த ஒருவரையும் முருகன் எங்கள் புக்கிட் பெலண்டோக் தோட்டத்துக் கோயிலுக்கே கொடுத்திருந்தான். மூணு பாஷை மாஸ்டர் என்போம். செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் ஜாகா வேலை. கேட்டைக் காவல் காத்த நேரம் போக மீதியெல்லாம் மேளம்.

அவர் குழுவில் மூன்று பேர். உறுமி, தவில் இரண்டுக்கும் எங்கள் ராசு. தேவாலயத்தில் டிரம் வாசிக்கும் ஜோசப். பக்கத்து ஊர் சுவாவில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சீனர் ஆ சூன். நல்ல முருக பக்தர், சிங்க நடனத்துக்கு அடித்துப் பழகிய கை. மூவருக்கும் தமிழ் புரியும். ஆனாலும் மாஸ்டர் ஒவ்வொரு கட்டளையையும் மூன்று மொழியில்தான் சொல்வார்.

"ஒவ்வொருத்தன் கத்துக்கிட்ட சங்கீதத்துக்கும் ஒரு பாஷை இருக்கு லா. அதுல சொல்றதுதான் மரியாதை!"

விருந்தாளிக்குத்தான் முதல் பந்தி. ஆகவே முதலில் ஜோசப்புக்கு, மேற்கத்திய சங்கீதத்தின் இத்தாலி. ஆ சூனுக்கு மலாய், ஏனென்றால் மாஸ்டருக்குச் சீனம் தெரியாது. ராசுவுக்குக் கடைசியில் தமிழ்.

விளக்கம் வேறு கொடுப்பார். "அலெக்ரோன்னா வெறும் வேகம்னா நெனைச்ச? சந்தோஷம்னு அர்த்தம்! லாஜுன்னா ஓட்டம். துரிதம்னா அவசரம். இத்தாலிக்காரன் வேகமாப் போனா சந்தோஷப்படுறான். நாம வேகமாப் போனா சம்மன் வாங்குறோம்."

என் அக்கா மகன் கல்யாணத்தில் ஐயர் கையைக் காட்டினார். "ஃபோர்ட்டிசிமோ!" என்றார் மாஸ்டர். ஜோசப் முழங்கினான். "குவாட்-குவாட்!" ஆ சூன் இடித்தார். "கெட்டிமேளம்!" ராசுவின் தவில் எழும்பியபோது மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டுவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர், அடுத்த கல்யாணத்துக்காவது சேத்து அடிப்பீங்களா?" என்று அக்கா கேட்டாள். அவர் அசரவில்லை.

இவரை நம்பித்தான் அந்தப் பங்குனி உத்திரத்தில் என் வீட்டுக்காரி பால்குடம் எடுத்தாள். எங்கள் மகள் பிரசவத்தில் செத்துப் பிழைத்தாள். அதற்கான நேர்த்திக்கடன். சாலை முனைப் பிள்ளையாரிலிருந்து மேட்டுக் கோயில் வரை குடத்தை இறக்காமல், நிற்காமல் போகவேண்டும். அவளுக்கோ மூட்டு வலி. "மேளம் இழுத்துக்கிட்டுப் போயிரும்ங்க" என்றாள்.

மேளம் இழுக்கத்தான் செய்தது. பின்னால் இளவட்டங்கள் ஆட, வேகம் ஏறிக்கொண்டே போனது. மேடு தொடங்கியதும் அவளால் அந்த வேகத்துக்கு நடக்க முடியவில்லை.

"மாஸ்டர், மெதுவா!" என்று கத்தினேன்.

பட்டப்பகலில் தன் ஜாகா வேலை டார்ச் லைட்டை உயர்த்தினார். "அடாஜியோ!" ஜோசப் தணிந்தான். "பெலான்-பெலான்!" ஆ சூன் தணிந்தார். ராசு மட்டும் தன் முறைக்குக் காத்துக்கொண்டு அதே வேகத்தில் உறுமினான். இவளுக்கு ஒரு கால் ஜோசப்போடு, மறு கால் ராசுவோடு. குடம் சாய்ந்து, விளிம்பில் பால் வழிந்தது.

"தமிழ்ல சொல்லித் தொலைங்கய்யா!"

வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு அவள் முன்னால் ஓடினார். அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தார். அவள் பாதம் தார்ச்சாலையில் பதியும்போதெல்லாம் ஒரு கைத்தட்டு. பாதம் தயங்கினால் கையும் தயங்கியது. மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்து அடித்தார்கள். இப்போது மேளம் அவளை இழுக்கவில்லை. அவள் பின்னாலேயே வந்தது. மேடு முழுக்க மாஸ்டர் அப்படியே ஏறினார். வழியில் சாணியை மிதித்தார். எந்த மொழியிலும் திட்டவில்லை.

பால் முருகன் தலையில் இறங்கியது. நான் அழுதுகொண்டிருந்தேன். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

என் வீட்டுக்காரி மகள் பெயரைச் சொல்லுவாள் என்று நினைத்தேன். "மொதல்ல மாஸ்டருக்கு, சாமி" என்றாள்.

"மாஸ்டர் பேரென்ன?"

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கும் அவர் சொந்தப் பெயர் தெரியாது. வெளியே அந்த மனிதர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டே, அடாஜியோவுக்கு நிதானம்தான் சரியான அர்த்தம் என்று ராசுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு பாஷை மாஸ்டர்னே சொல்லுங்க சாமி. முருகனுக்கு ஆளைத் தெரியும்" என்றாள் அவள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு அர்ச்சனையில் முதல் பெயர் அதுதான். மகள் பெயர் இரண்டாவது.