நைனாவுக்கு நான் கொடுத்த கோச்சிங்

எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாவற்றுக்கும் கோச்சிங் உண்டு. டாக்டராக, இன்ஜினியராக, பேங்க் உத்தியோகத்துக்கு, போலீஸ் வேலைக்கு, ஏன், போலீஸ் வேலைக்கு ஓடிக் காட்டுவதற்குக்கூட. சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில் மலையே தெரியாத அளவுக்கு ரேங்க் வாங்கின பிள்ளைகளின் மூஞ்சிகளை பேனரில் அடித்துக் கட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்து, ஒரு கோச்சிங் சென்டரில் பிசிக்ஸ் வாத்தியாராகவும் ஆகிவிட்டவன் ‘டெஸ்ட்’ என்ற வார்த்தையைக் கேட்டால் என்ன செய்வான்? கோச்சிங் கொடுப்பான். நானும் கொடுத்தேன், என்னைப் பெற்ற அப்பாவுக்கே.

நைனாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. புத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பும், வெல்லம் காய்ச்சுகிற ஒரு கொட்டகையும் இருந்தன. சீசன் பூராவும் அடுப்பு வாயில் உட்கார்ந்து சக்கையைத் தள்ளித் தள்ளி அந்தப் புகையைக் குடித்தவர் அவர். (அது போதாதென்று வாயில் பீடி வேறு. புகை விஷயத்தில் மனிதர் எந்தக் குறையும் வைக்கவில்லை.) அறுபதைத் தாண்டியபோது பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு வருவதே அவருக்கு ஒரு வெளியூர்ப் பயணமாகிவிட்டது. வந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முட்டியில் கைகளை ஊன்றிக்கொண்டு, மூச்சு திரும்பி வரட்டும் என்று காத்திருப்பார். அதைப் பார்க்க முடியாமல்தான் அவரையும் அம்மாவையும் சித்தூருக்கு என்னோடு அழைத்து வந்தேன்.

சித்தூரில் நாங்கள் காட்டிய டாக்டர் நல்லவர், ஆனால் மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுகிறவர். “திருப்பதில ஒரு டெஸ்ட் இருக்கு. ஆறு நிமிஷம் நடக்க வெப்பாங்க. நாற்காலில உக்காந்து உக்காந்து எழுந்திருக்கச் சொல்லுவாங்க. மூச்சு எவ்ளோ தாங்குது, கால்ல எவ்ளோ பலம் மிச்சம் இருக்குன்னு தெரியும். அதைப் பாத்துட்டு வீட்ல ஆக்சிஜன் வைக்கணுமான்னு முடிவு பண்ணலாம்” என்றார்.

இத்தனையில் நைனாவின் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான். கொரோனா சமயத்தில் எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள் ஆக்சிஜன் சிலிண்டர் போனதோ, அந்த வீட்டு ஆள் பிழைக்கவில்லை. ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டேய், அந்த சிலிண்டரு வூட்டுக்குள்ள வந்துச்சின்னா நான் வெளிய போய்டுவேன்டா. எப்படினா என்ன பாஸ் பண்ணி வுட்டுடு.”

படித்த பிள்ளை என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘இது அந்த மாதிரி டெஸ்ட் இல்ல நைனா’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. உண்மையில் அவரைவிட எனக்குத்தான் பயம் அதிகம். அந்த சிலிண்டர் வீட்டு மூலையில் நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன்.

மறுநாளே வகுப்பு ஆரம்பம். செல்போனில் வீடியோ பார்த்து சிலபஸ் தயாரித்தேன். ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்திரு, உட்கார், எழுந்திரு என்று பிராக்டிஸ் கொடுத்தேன். காலையில் ஒரு மாடல் எக்ஸாம், சாயங்காலம் ஒரு ரிவிஷன். நைனா நாலு தடவை எழுந்தால் நாற்பது தடவை எழுந்த மாதிரி மூச்சு இளைக்கும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் ஆரம்பிப்பேன். அவர் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. அதை நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அந்த மனுசன் மூச்சு வுடறதுக்கே நேரமில்லாம கெடக்கறாரு. அவருக்கு ஹோம்வொர்க்கு வேற குடுத்துக்கினுகிறியா நீ?”

“சும்மா இரும்மா. கான்ஃபிடன்ஸ் வரணும்” என்றேன். (அப்போதெல்லாம் நான் இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேன் என்பதற்கு என் பழைய மாணவர்களே சாட்சி.)

அது மட்டுமா, குறுக்கு வழியும் சொல்லிக்கொடுத்தேன். “நடுவுல ஒரு சார்ட்டைக் காட்டி, மூச்சு எவ்ளோ வாங்குதுன்னு கேப்பாங்க நைனா. சைபர்ல இருந்து பத்து வரைக்கும் போட்டிருக்கும். நீ சைபர்னே சொல்லு. மேல போகப் போக நெகட்டிவ் மார்க்.”

“சைபர் வாங்குனா பாஸா?”

“இதுல மட்டும் பாஸ்.”

“நீ படிக்கறப்ப இந்த மாதிரி பரீட்சை இல்லாம பூட்ச்சே” என்றார் நைனா, என் பத்தாம் வகுப்பு கணக்கு மார்க்கை நினைத்துக்கொண்டு.

டெஸ்ட் நாள் காலையில் நைனாவால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பிரச்சினை மூச்சு இல்லை, தொடை. “ரெண்டு தொடையும் கல்லு மாதிரி கீதுடா” என்றார். தைலத்தைத் தேய்த்து, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றினோம். பஸ் பூராவும் தைல வாசனை. பதற்றத்தில் நான் எதுவும் சாப்பிடவில்லை. அம்மா பொட்டலத்தைப் பிரித்து நீட்டிய இட்லியையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். தெலுங்குக்காரர், தமிழும் பேசினார். முதலில் நாற்காலி டெஸ்ட். ஒரு நிமிஷத்தில் முடிந்தவரை எழுந்து உட்கார வேண்டும். நைனா எழுந்தார். அரைவாசி எழுந்ததுமே தொடைகள் நடுநடுங்கி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் முயற்சி, மறுபடியும் தொப்பென்று. நான் மாடல் எக்ஸாமில் பார்த்த நைனாவே இல்லை இவர்.

அந்தப் பெண் குனிந்து அவருடைய தொடையை லேசாக அழுத்திப் பார்த்தார். நைனா பல்லைக் கடித்துக்கொண்டார். “தாத்தா, நேத்து மலைக்குப் படியேறிப் போனீங்களா?” என்று கேட்டார்.

திருப்பதியில் இது சாதாரணக் கேள்விதான். படியேறிவிட்டு வந்தவர்கள் மறுநாள் எல்லோருமே இப்படித்தான் நடப்பார்கள். நைனா என்னைப் பார்த்தார். கோச்சிங் விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். சட்டென்று நான், “ஆமா மேடம். வேண்டுதல்” என்றேன்.

“காணிப்பாக்கத்துல வந்து இதைச் சொல்லு பாக்கலாம்” என்று அம்மா என் காதருகே முணுமுணுத்தாள். (அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணினவன் உருப்பட்டதில்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.)

அந்தப் பெண் நைனாவை ஒரு அதிசயத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். மாடி ஏற முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மனிதர் ஏழுமலையும் ஏறி வந்திருக்கிறார் என்றால் யாருக்குத்தான் ஆச்சரியம் வராது? நல்லா ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்லி, அப்புறம்தான் நடக்க வைத்தார்.

ஒரு நீளமான காரிடார். இந்தக் கோடியில் ஒரு ஆரஞ்சு கூம்பு, அந்தக் கோடியில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வர வேண்டும். “உங்க வேகத்துல நடங்க தாத்தா. முடியலன்னா நில்லுங்க, தப்பில்ல” என்றவர் எங்கள் பக்கம் திரும்பி, “கூட வந்தவங்க உக்காருங்க. பேசக்கூடாது” என்றார். நைனாவின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டார்.

பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற அப்பன்மார்களைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அன்று அவர்களைவிடக் கேவலமாக நடந்துகொண்டேன். பேசக்கூடாது என்றால் சைகை காட்டலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். வேகமா என்று கையை வீசினேன், முதுகை நிமிர்த்து என்று நெஞ்சைத் தட்டினேன். நைனா கூம்பைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நடந்தார். அவருடைய நடை தளரத் தளர என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தேன்.

“சார்! மீரு கூர்ச்சோண்டி! உக்காருங்க!” என்று அந்தப் பெண்ணின் சத்தம். “நீங்க கூட நடந்தா அவரு உங்க வேகத்துக்கு நடப்பாரு!”

உட்கார்ந்தேன். காரிடாரில் இருந்த மற்ற நோயாளிகளும், அவர்களோடு வந்தவர்களும் என்னையே பார்த்தார்கள்.

நைனா திரும்பி வந்தபோது அவருடைய உதடு சரியாக இல்லை. நாவல் பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. அவர் நடக்க நடக்கவே அந்தப் பெண் சார்ட்டை நீட்டி, “ஆயாசம் எந்த உந்தி தாத்தா? எவ்ளோ மூச்சு வாங்குது?” என்று கேட்டார். பேசுவதற்கு நைனாவிடம் காற்று மிச்சமில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டினார். சைபர். நான் சொல்லிக்கொடுத்த சைபர். அந்தப் பெண்ணோ, சூப்பர் என்று சொல்கிறார் போல என்று நினைத்து ஒரு நொடி சிரித்தார். அதற்குள் மீட்டர் கத்த ஆரம்பித்தது.

“ஆகண்டி! ஆகண்டி தாத்தா, நில்லுங்க!”

நைனாவுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் நிற்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நிக்கட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். வாயைப் பிளந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க, அந்த நீலம் பாய்ந்த உதட்டோடு, கேட்டுக்கொண்டே இன்னொரு அடி எடுத்து வைத்தார்.

அதற்கு மேல் எனக்கு ஞாபகமில்லை.

கண்ணைத் திறந்தபோது நான் ஒரு வீல்சேரில் இருந்தேன். நைனாவுக்காகத் தள்ளிக்கொண்டு வந்த வீல்சேர் அது. எக்ஸ்ரே கவரால் அம்மா எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நான் விழுந்ததில் நசுங்கிப்போன ஆரஞ்சு கூம்பு ஓரமாகக் கிடந்தது. எதிர் நாற்காலியில், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு, ரத்தம் திரும்பின உதட்டோடு நைனா உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“துன்னாம வந்தியாடா?” என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரிடார் என்றும் பார்க்காமல் அழுதேன்.

நைனா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். “மலைக்கும் போவல, ஒண்ணும் போவலம்மா. இவன்தான் வூட்ல நாற்காலி போட்டு கோச்சிங் குடுத்தான். நான்தான் பாஸ் பண்ணி வுடுன்னு கேட்டேன். எனக்கு சிலிண்டர்னா பயம்.”

அந்தப் பெண் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பக்கம் திரும்பி, “அவரு எங்க நிக்கறாருன்னு தெரிஞ்சிக்கத்தான் சார் இந்த டெஸ்டே. நீங்க அவரை நிக்கவே வுடல” என்றார். அப்புறம் நைனாவிடம், “இப்போ மூஞ்சில இருக்கறதும் ஆக்சிஜன்தான் தாத்தா” என்றார். நைனா மாஸ்க்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தொடை வலி தீர்ந்ததும் மறுபடி போனோம். இந்தத் தடவை என்னை காரிடாருக்குள்ளேயே விடவில்லை. நைனா தன் வேகத்தில் நடந்தார், முடியாதபோது நின்றார். ரிசல்ட் மோசம்தான். வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. கெட்டுப்போன நுரையீரல் இனிமேல் திரும்பாது, கால்களையாவது பலமாக வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணே மெல்ல மெல்லப் பயிற்சி கொடுத்தார். அதனால் கொஞ்ச காலம் வாசல் வரைக்கும், பிறகு தெருமுனை வரைக்கும் நடந்தார். இப்போது மறுபடி வாசல் வரைக்கும்தான்.

யார் வீட்டுக்கு வந்தாலும் நைனா இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். நான் வீல்சேரில் கிடந்த கோலத்தை நடித்தே காட்டுவார். கடைசியில், “பரீட்சை எழுதுனது நானு” என்று சொல்லி நிறுத்துவார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம்தான், “பெயிலானது இவன்” என்பார். வீடே சிரிக்கும். “எங்க நிறுத்தணும்னு உங்க நைனாவுக்கு நல்லாத் தெரியுதுப்பா” என்று கதை கேட்டவர்கள் சொல்வார்கள்.

அவர் வேண்டுமென்றே நிறுத்துவதில்லை. அந்த இடத்தில் அவருக்கு மூச்சு தீர்ந்துவிடுகிறது. அந்த நிறுத்தம் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போகிறது. ஒருதடவை அவர் உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டிருந்தபோது, பொறுக்க மாட்டாமல் என் மாமா மகன் மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தான். “நீ சும்மா இரு, அவரு சொல்லட்டும்” என்று அம்மா அவனை அதட்டினாள். அன்றிலிருந்து யாரும் எடுத்துக்கொடுப்பதில்லை. இந்தப் பொங்கலன்றும் நைனா முட்டியில் கைகளை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அந்த இரண்டு வார்த்தையும் வந்து சேர்ந்ததும், முதல் தடவை கேட்கிறவன் மாதிரி நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.